கேளுங்கள், சொல்கிறோம்: யூரியா சாக்கில் விதைநெல்

கேள்வி: குறுவையில் எடுத்த விதைநெல்லைக் காலி யூரியா சாக்கில் கட்டி வைக்கலாமா? சாக்கை நன்றாக அலசித்தான் வைத்திருக்கிறோம்.
- வாசகர், மன்னார்குடி

வேண்டாம், அலசியிருந்தாலும் வேண்டாம். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும் என்பதால் 45 கிலோ சாக்கின் உள்ளே ஈரம் புகாத பிளாஸ்டிக் உறை இருக்கும். அதே உறை நெல்லின் ஈரத்தையும் வெளியே விடாது. விதைநெல் உயிருள்ளது, மூச்சு விடுவது. குறுவை அறுப்போ புரட்டாசி, ஐப்பசியில். மழைக்கு நடுவே நெல் முழுசாகக் காய்வதே அரிது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் மூட்டை உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், முளை செத்துவிடும். தையல் மடிப்பில் தங்கிய யூரியாவும் ஈரம் பட்டு அமோனியாவாக மாறி முளையைக் கருக்கும். நெல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நாற்றங்கால் திட்டுத்திட்டாக முளைக்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. வெயில் சூடு ஆறிய பிறகு புதுச் சணல் கோணியில் கட்டி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஏற்கெனவே சாக்கில் கட்டிவிட்டிருந்தால் இன்றே கொட்டி உலர்த்துங்கள். 100 நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் 7 நாள் வையுங்கள். முளைத்தது 80க்குக் குறைந்தால் அதை விதைக்க வேண்டாம்.

சாக்கு வாய்க்கால் உடைப்புக்கு மண்மூட்டையாக உதவும். வெயிலில் நைந்துபோகும், நெடுநாள் நம்பாதீர்கள்.

கேள்வி: பூச்சிமருந்து கேனைக் கழுவி வயலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகலாமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

கூடவே கூடாது, அம்மா. மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கும்; சோப்பு, சாம்பல், வெந்நீர் எதற்கும் முழுசாக வராது. வாடை இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாட்டுக்குக் கழுநீர் எடுக்கவும் அந்தக் கேன் ஆகாது.

மருந்து தீர்ந்ததும் கேனில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே சேருங்கள். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு யாரும் எடுத்துப் புழங்க மாட்டார்கள். வாய்க்காலில் அலசினால் மீன் சாகும், கீழே மாடு குடிக்கும். எரித்தால் புகையும் நஞ்சு.

இதைவிடப் பயங்கரம், மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது. லேபிளில் சாய்சதுர வடிவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் மருந்தின் பெயரும் அதோடு போய்விடும். பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று டாக்டர் திணறுவார். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து வந்த கேனையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.