சிறு ஊரில் இலையுதிர் காலத்துக்குச் சில நிகழ்ச்சிகளும் பட்டறைகளும் திட்டமிடுகிறோம். எதை நடத்தினால் மக்கள் வருவார்கள்?

ஒரு பொதுக்கூடம் இருக்கிறது, செப்டம்பர் முதல் நவம்பர் வரை நேரம் இருக்கிறது, போன முறை வைத்த நிகழ்ச்சிக்கு ஆளே வரவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு சிறு ஊரில் எட்டு வருடமாக இதே வேலையைச் செய்யும் குழுவில் இருக்கிறேன். பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எந்த நிகழ்ச்சி வைத்தாலும், வருகிறவர் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வரும்படி வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தந்த வழி வேறு இல்லை.

முதல் வருடம் நாங்கள் ஓர் உரை ஏற்பாடு செய்தோம். நாற்பது நாற்காலி போட்டோம். வந்தது ஏழு பேர். பேச வந்தவர் அவ்வளவு தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த மாதம் அதே கூடத்தில், "வீட்டில் ஓடாமல் கிடக்கும் பொருளை எடுத்து வாருங்கள், சேர்ந்து பழுது பார்ப்போம்" என்று அறிவித்தோம். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள் நின்றார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை.

சிறு ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பார்கள். முகம்தான் தெரியும். காரணம் இல்லாமல் ஒரு கூடத்துக்குள் நுழைந்து உட்காரப் பலருக்குக் கூச்சம், அதுவும் தனியாக இருப்பவர்களுக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும். கையில் ஒரு விளக்கோ ஒரு உறை விதையோ இருந்தால் அந்தக் கூச்சம் பாதி போய்விடுகிறது. "இது என்ன?" என்று யாராவது கேட்பார்கள், பேச்சு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

அதனால் பழுது பார்க்கும் நாளை முதலில் வையுங்கள். ரிப்பேர் கஃபே என்று உலகம் முழுக்க நடக்கும் இதை 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் தொடங்கினார். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமையைச் சர்வதேச ரிப்பேர் தினமாகவும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டால் அறிவிப்புக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

ஒரு பெரியவர் கையடக்க வானொலி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு வருடமாகப் பாடவில்லை என்றார். பின் மூடியைத் திறந்தால், பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எங்கள் தன்னார்வலர் கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு அந்தப் பூப்பின் மேல் வைத்தார், மெல்ல நுரைத்தது. காரம் கசிந்த இடத்தை லேசான அமிலம் சரிசெய்கிறது, அவ்வளவுதான் ரகசியம். துடைத்து, காயவிட்டு, சுருள் கம்பியை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்துப் புது பேட்டரி போட்டதும் கரகரவென்று சத்தம் வந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

இதில் இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொருளைக் கொண்டுவந்தவர் பழுது பார்க்கிறவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்; வைத்துவிட்டுப் போய் மாலையில் எடுத்துக்கொள்ளும் கடையாக இதை ஆக்காதீர்கள். அப்புறம், மைக்ரோவேவ் அடுப்பை யாரும் திறக்கக் கூடாது. செருகியைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். மின்சாரத்தில் ஓடும் எதையும் விவரம் தெரிந்த ஒருவர் சோதித்துப் பார்த்த பிறகே திருப்பிக் கொடுங்கள். நிறைய பொருட்களில் பழுது மிகச் சின்னது: ஒயர் கருவிக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டர் கருவியை வைத்து "பீப்" சத்தம் வருகிறதா என்று பார்க்கக் குழந்தைகளிடம் கொடுத்தால் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பவே மாட்டார்கள்.

அடுத்து விதைப் பகிர்வு. தோட்டம் ஓய்ந்து விதை முற்றும் பருவம் என்பதால் இதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. தொடங்குகிறவர்களைத் தக்காளியும் பீன்ஸும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை, தாய்ச் செடி மாதிரியே பிள்ளையும் வரும். பூசணி வகை பக்கத்துத் தோட்டத்துப் பூசணியோடு கலந்துவிடும். அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. எஃப்1 என்று பாக்கெட்டில் போட்ட கலப்பின விதையிலிருந்து எடுத்த விதையும் அப்படித்தான். பட்டறையில் செய்து காட்ட நல்லது தக்காளி: விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறையோடு கொஞ்சம் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் உறை கழன்று நல்ல விதை அடியில் தங்கும். மூன்று நாள் காத்திருக்க முடியாது என்பதால் முன்கூட்டியே புளிக்கவைத்த பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கவும். காகித உறையில் பெயரும் வருடமும் எழுதாத விதையை மேசையில் சேர்க்காதீர்கள். வெங்காய விதை ஓரிரு வருடத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடும், தக்காளி நாலைந்து வருடம் தாங்கும்.

உதிர்ந்த இலைகளை மூட்டையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லி இலை மக்கு தயாரிக்கும் ஒரு காலைப்பொழுதும் வைக்கலாம். நனைத்து, ஓட்டை போட்ட பையில் அடைத்து, ஒரு மூலையில் வைத்தால் போதும். ஆனால் இதைப் பூஞ்சைகள் நிதானமாக மக்க வைக்கும் என்பதால் ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்தது, வானம் பார்க்கும் இரவு. கோடையில் இருட்டும்போது குழந்தைகள் தூங்கிப்போயிருப்பார்கள். குளிர்காலத்தில் இருட்டு சீக்கிரம் வந்தாலும் வெளியே நிற்க முடியாது. இலையுதிர் காலத்தில்தான் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் தெரியும், நிற்கும்படியாகவும் இருக்கும். எல்லாரையும் வீட்டில் இருக்கும் பைனாகுலரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வட அரைக்கோளத்தில் என்றால் பெகாசஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பெரிய சதுரத்திலிருந்து ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு வழிகாட்டலாம். ஒரு மங்கலான பஞ்சுத் துணுக்கு மாதிரிதான் தெரியும். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, இப்போது உங்கள் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது நம் மனித இனமே தோன்றியிருக்கவில்லை என்று இருட்டில் நின்று சொன்னால், கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். நான் ஒவ்வொரு வருடமும் அந்த அமைதிக்காகவே போகிறேன். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கைபேசி வெளிச்சம் ஒரு முறை பட்டால் திரும்பவும் முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டிவிடுங்கள். நிலவைக் காட்ட வேண்டுமென்றால் முழு நிலவை விட்டுவிட்டு வளர்பிறையில் பாதி நிலவு தெரியும் நாளைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எழுந்து தெரியும். அக்டோபர் 21-ஐ ஒட்டி, ஹாலி வால்மீன் விட்டுச்சென்ற துகள்களால் வரும் ஓரியானிட் எரிகற்களும் உண்டு. ஆனால் அது நள்ளிரவுக்குப் பிறகுதான் நன்றாகத் தெரியும், குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சரிப்படாது.

அக்டோபர் 16 உலக இதய மீட்பு நாள். அன்று சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி வையுங்கள், தகுதி பெற்ற பயிற்றுநரைக் கொண்டுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று படிப்பது ஒன்று, பொம்மையின் மார்பில் கை வைத்து அழுத்திப் பார்ப்பது வேறொன்று. இவ்வளவு பலமாகவா என்று கேட்காதவர்களே இல்லை. இதற்கு எதையும் கொண்டுவர வேண்டாம், வீட்டில் உங்களோடு இருப்பவரை அழைத்து வாருங்கள் என்று அறிவித்தோம். உங்களுக்கு ஏதாவது ஆனால் முதலில் ஓடிவரப்போவது அவர்தானே.

பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்து ஸ்கேன் செய்யும் நாளும் நன்றாகப் போகும். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சிலைக் கொடுங்கள், பால்பாயின்ட் பேனா படத்தில் தடம் பதித்துவிடும்.

சரி, தேதி விஷயம். ஐந்தாறு யோசனையையும் ஒரே பருவத்தில் நடத்த வேண்டாம். நாங்கள் ஒரு வருடம் ஆறு வாரத்தில் ஆறு நிகழ்ச்சி வைத்தோம். கடைசி இரண்டுக்கு மேசை தூக்கக்கூடத் தன்னார்வலர்கள் இல்லை, எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். மூன்று போதும், நடுவில் இரண்டு மூன்று வாரம் விட்டு. முதியவர்கள் வர வேண்டிய நிகழ்ச்சி எதுவோ அதைப் பகலில் முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு வண்டி ஓட்ட அவர்களில் பலர் தயங்குவார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் மாலை திடீரென்று ஒரு மணி நேரம் சுருங்கும். உங்கள் ஊரிலும் அப்படி உண்டென்றால் நவம்பர் மாலைகளை அதற்கேற்ப யோசியுங்கள்.

கூடத்து வாசலில் ஒரு பெரிய காகிதம் ஒட்டி நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "எனக்குத் தெரியும்", வலப்பக்கம் "எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை". கயிற்றில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வருடம் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு பெண், ஒரு நாள் இடப்பக்கத்தில் சின்ன எழுத்தில் "தொலைநோக்கி இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எங்கள் வானம் பார்க்கும் இரவு அப்படித்தான் ஆரம்பித்தது.