சிறைப்புறத்தில் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், திருப்பூரில் இருக்கிறேன். சுமார் 200 பேர் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு பாட்டு என்று குறுந்தொகை வாசிக்க ஆரம்பித்திருக்கிறோம். போன வாரம் மூன்றாவது பாட்டு, ‘நிலத்தினும் பெரிதே’. குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அதைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தார். நான்கு பத்தியில் 11 ஒற்றுப்பிழைகள்! ‘குறிஞ்சி பூ’ என்கிறார், ‘அதை பற்றி’ என்கிறார். எல்லாவற்றையும் எண் போட்டு, பிழை ஒரு பக்கம், திருத்தம் ஒரு பக்கம் என்று கொடுத்தேன். கடைசியில், ‘சங்கப் பாடலைப் பேசுகிறவர்கள் முதலில் தமிழைப் பிழையில்லாமல் எழுதப் பழகலாமே’ என்று ஒரு வரி சேர்த்தேன். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ‘சகோதரி’ என்றுதான் தொடங்கினேன்.

அவர் தன் பதிவை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அதன்பிறகு ஒருவர் என்னைப் ‘பூமர்’ என்றார். இன்னொருவர் ‘இலக்கண போலீஸ்’ என்றார். நானும் விடவில்லை. நள்ளிரவுவரை போனது. கடைசியில் அட்மின் இரண்டு நாளைக்கு யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டிவிட்டார்.

நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற மரபில் வந்தவர்கள்தானே நாம்? பிழையைப் பிழை என்று சொல்வது நாகரிகக் குறைவா?

(வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.)

அன்புடன்,
திருப்பூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கடிதத்தில் விடுபட்டிருந்த இரண்டு ஒற்றுகளையும் போட்டுத்தான் வெளியிட்டிருக்கிறேன். இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால் சொன்னதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும், இல்லையா? அதற்காகவே சொன்னேன். மன்னிக்கவும், இனி செய்யமாட்டேன்.

நக்கீரரிலிருந்து ஆரம்பிப்போம். 1965இல் திருவிளையாடல் படம் வந்ததிலிருந்து, யாரையாவது நாலு வார்த்தை கடுமையாகச் சொல்ல நினைக்கும் தமிழர் எல்லோருக்கும் நக்கீரர் வக்கீலாகிவிட்டார். பாவம், அவர் என்ன செய்தார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், புலவராக வந்த இறைவன் ‘என் பாட்டில் என்ன குற்றம்?’ என்று கேட்கிறார். நக்கீரர் சொல்லும் முதல் பதில், சொற்குற்றம் இல்லை என்பது. குற்றம் பொருளில்தான் என்கிறார். கூந்தலுக்கு இயற்கையாகவே மணம் உண்டா என்ற ஒரே ஒரு விஷயத்தில்தான் கடைசிவரை நிற்கிறார். இடையில் எதிராளியின் எழுத்துக்கோ இலக்கணத்துக்கோ தாவவில்லை. எதிரில் நிற்பவரும் அவரைவிட மிகப் பெரியவர், எரித்துவிடக் கூடியவர். நீங்களோ முதல் முறையாக வாய் திறந்த ஒரு பெண்ணிடம், பொருளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நக்கீரர் செய்ததைத் தலைகீழாகச் செய்துவிட்டு அவரையே சாட்சிக்குக் கூப்பிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிழைகளின் எண்ணிக்கை இருக்கிறது. உதாரணம் இருக்கிறது. உங்களை யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதும் இருக்கிறது. அந்தப் பெண் அந்தப் பாட்டைப் பற்றி என்ன சொன்னார் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். இணையத்தில் நாகரிகம் என்றால் ‘சகோதரி’, ‘ஐயா’, ‘தாழ்மையான கருத்து’ என்று மேலே சர்க்கரை தூவுவது என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை எல்லாக் கசப்புக்கும் மேல் ஒட்டும். எதிரில் இருப்பவர் சொன்னதைப் படித்தோம், அதற்குத்தான் பதில் சொல்கிறோம் என்பது நம் பதிலில் தெரிந்தால் போதும். அது தெரிந்துவிட்டால் கொஞ்சம் கடுமையான சொல்கூடத் தாங்கிக்கொள்ளப்படும்.

இதை நான் மேலிருந்து சொல்லவில்லை. யாஹூ மடற்குழுமங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு பெரிய சண்டைக்காரன். யூனிகோடு பரவாத சமயம். அன்றைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியின் எழுத்துரு இல்லாதவருக்கு நம் மடல் வெறும் குப்பையாகத் தெரியும். அந்தக் குப்பைக்குள்ளேயும் சண்டை போட்டோம். எதிராளியின் மடலை வரி வரியாக வெட்டி ஒட்டி, ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஒரு கிண்டல் எழுதுவது அன்றைய பாணி. ஒரு பெரியவரின் கட்டுரையை அப்படி ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து நார் நாராகக் கிழித்தேன். காலையில் ‘பின்னிட்டீங்க’ என்று ஏழெட்டு மடல்கள். கூடவே அந்தப் பெரியவரிடமிருந்து ஒரு தனிமடல். “தம்பி, எல்லா வரியையும் எடுத்துப் போட்டீர்கள். மூன்றாவது பத்தியை மட்டும் காணோமே?” அவ்வளவுதான் எழுதியிருந்தார். திரும்பப் போய்ப் பார்த்தேன். கட்டுரையின் உயிரே அந்த மூன்றாவது பத்திதான். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாததால் கை தானாகவே அதைத் தாண்டிப் போயிருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அது இன்னும் மோசம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிறர் கொள்கையை மறுக்கும்போது முதலில் அதை ஏற்று எடுத்துக்கொண்டு, அப்புறம் களைய வேண்டும் என்று ஒரு வழி நன்னூலில் இருக்கிறது. எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ஒன்று, ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான். அந்த இரவில் நினைவுக்கு வரவில்லை. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்களையே மூடிவிட்டார்கள். என் வீரதீரத்துக்கு இப்போது சாட்சி கிடையாது.

இணையத்தில் எழுதும் முறைகளைப் பற்றி 1995 அக்டோபரிலேயே ஆர்எஃப்சி 1855 என்று ஓர் ஆவணம் வந்தது. இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதியது. வாட்ஸ்அப்பெல்லாம் கனவிலும் இல்லாத காலம். ஆனாலும் அதில் பாதி இன்றைக்கும் பொருந்துகிறது. கோபமாக எழுதத் தோன்றினால் ஒரு ராத்திரி பொறுத்து அனுப்பு என்கிறது. ஒரே ஒருவரோடுதான் உனக்கு மாறுபாடு என்றால் குழுவில் வளர்க்காதே, அவருக்குத் தனியாக எழுது என்கிறது. குழுவில் எழுதுவதற்கு முன் ஓரிரு மாதம் சும்மா படி என்றும் சொல்கிறது. இந்தக் கடைசியை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், இன்றைக்கு இரண்டு மாதத்தில் குழுவே கலைந்துவிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதுபோல் இருக்கும் என்றும் ஒரு குறிப்பு உண்டு. தமிழில் பெரிய எழுத்து ஏது? நமக்குக் கத்த வேறு வழிகள். ‘நீங்கள்’ மெல்ல ‘நீர்’ ஆகும், பிறகு ‘நீ’. உண்மையான கொலைவெறி வந்தால் ‘நண்பரே’.

ஒற்று முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒற்றுப் பிழை எனக்கும் கண்ணில் மணல் விழுந்த மாதிரிதான். ஆனால் அச்சுக்குப் போகும் புத்தகத்தின் மெய்ப்பு வேறு, போனில் கட்டைவிரலால் அடித்த நான்கு பத்தி வேறு. ஆர்எஃப்சி சொல்வதுபோலத் தனியாக, அதுவும் அவர் சொன்ன விஷயத்துக்கு நான்கு வரி பதில் எழுதிவிட்டு, ‘இன்னொன்று, குறிஞ்சிப் பூ என்று ப் வரும்’ என்று சொல்லியிருந்தால் அவர் அதை வாழ்நாளுக்கும் மறந்திருக்கமாட்டார். உங்களைப் பூமர் என்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயதைச் சொல்லித் திட்டுவது பதில் ஆகாது. நீங்கள் நள்ளிரவுவரை அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கவும் வேண்டாம்.

நீங்கள் வாசித்த அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் அதன் துறைக்குறிப்பைக் கவனித்தீர்களா? தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், இயற்பழிக்கிறாள். தலைவி இயற்பட மொழிகிறாள், அதாவது அவன் இயல்பைப் புகழ்ந்து பேசுகிறாள். தன் காதலனைப் பழித்தவளுக்குத்தான் பதில் சொல்கிறாள், ஆனால் தோழியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘உனக்கென்ன தெரியும்’ இல்லை. நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது என் நட்பு என்கிறாள். கருங்கோல் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கும் நாட்டுக்காரன் அவன் என்கிறாள். நான்கு வரியில் முடிந்துவிட்டது.

இத்தனையும் நடக்கும்போது தலைவன் எங்கே இருக்கிறான்? சிறைப்புறத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பேச்சு தோழியோடுதான். ஆனால் போய்ச் சேர வேண்டியது அவனிடம்.

உங்கள் குழுவில் 200 பேர் என்கிறீர்கள். வழக்கமாக எழுதுகிறவர்கள் 20 பேர் இருப்பார்களா? மற்றவர்கள் எல்லாம் சிறைப்புறம்தான். நீங்கள் அந்தப் பெண்ணுக்கு எழுதிய பட்டியலை அவர்களும் படித்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர் பாட்டைப் பற்றி ஏதோ எழுதி வைத்திருந்து, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் தன் வரிகளில் ஒற்று சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, சந்தேகம் வந்து அழித்திருப்பார். அவர் வெளியேறவில்லை, சண்டையும் போடவில்லை. அதனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியவே வராது.

குழு திறந்தாயிற்றா? திறந்திருந்தால் அட்மினிடம் கேட்டு அந்தப் பெண்ணுக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், வருத்தம் தெரிவித்தால் போதும். அப்புறம் எனக்கு ஓர் உதவி. அவர் அந்தப் பாட்டைப் பற்றி என்ன எழுதியிருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பதிவை அழித்துவிட்டார் என்கிறீர்கள். அதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தவர் குழுவிலேயே நீங்கள் ஒருவர்தான். நினைவிலிருந்து எழுதி அனுப்ப முடியுமா? ஒற்று விடுபட்டிருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்.