ஸ்கேல் எங்கே போகிறது?

ஐயா, தலோஜாவில் இரும்புத் தகட்டைச் சூடாக்காமல் உருளைகளில் நசுக்கி மெலிதாக்கும் ஒரு கோல்ட் ரோலிங் மில்லில் டிரெய்னியாகச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. காயில் (சுருட்டிய தகடு) மேலிருக்கும் கருப்பு ஸ்கேல், அதாவது ஆக்சைடு படலம், எப்படியும் ரோலில் நசுங்கி உடைந்துதானே போகிறது? அப்புறம் ஏன் அதைக் கரைக்க ரோலிங்குக்கு முன்னால் ஆசிட் தொட்டியில் இவ்வளவு நேரம் ஓட்டுகிறோம்? பேசாமல் ஐடி பக்கம் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன்.
– ஆர்., சயான் கோலிவாடா

அன்புள்ள ஆர்.,

ஐடி விஷயத்தை வீட்டில் பேசி முடிவெடுங்கள். போன வாரம்தான் பழைய பெட்டியைக் கிளறும்போது எங்கள் பழைய மேஸ்திரி அண்ணாச்சி கொடுத்த லென்ஸ் கைக்கு வந்தது. அடுத்த நாளே "உடைந்துதானே போகிறது" என்று உங்கள் கடிதம். உடைகிறது, சரி. போகிறது என்று யார் சொன்னது? ஒரு வருடம் மில்லில் நின்றவர் தகட்டைக் குனிந்து பார்க்காமல் இப்படி எழுதலாமா தம்பி?

3 மில்லிமீட்டர் தகட்டை 1 மில்லிமீட்டருக்கு இறக்கினால் ஒரு மீட்டர் மூன்று மீட்டராக நீளும். இரும்பு நீளும். அதன் முதுகிலிருக்கும் பத்து மைக்ரான் ஆக்சைடு நீளாது. ஆறிய காயிலில் அது அப்பளம் மாதிரி. ஓடும் திசைக்குக் குறுக்கே வெடிக்கும், வெடிப்புக்குள் அடியிலிருந்து புது இரும்பு பிதுங்கி வரும். கொஞ்சம் தூளாகி, ரோலில் பீய்ச்சும் எண்ணெய்-தண்ணீர் எமல்ஷனில் கலந்து ரோலைத் தேய்க்கும். மிச்சத்தை ரோலே இரும்புக்குள் அழுத்திப் புதைத்துவிடும்.

தாராப்பூர் பக்கம் ஒரு மில்லில் ஷிப்ட் பார்த்தபோது உங்கள் யோசனையை நான் செய்தே பார்த்தேன். டன் கூடட்டும் என்று ஆசிட் லைனை வேகமாக ஓட்டினேன். அந்தக் காயில் கால்வனைசிங் போய்த் திரும்பி வந்தது. நெடுகத் துத்தநாகம் ஒட்டாத பொட்டுகள். எங்கள் மேஸ்திரி, திருநெல்வேலிக்காரர், ஒரு வார்த்தை திட்டவில்லை. ரோலிங் முடிந்தபோது வெட்டி வைத்திருந்த துண்டையும் பத்து மடங்கு லென்ஸையும் நீட்டி, "நல்லாப் பாருங்க தம்பி" என்றார். ஏணிப்படி மாதிரி குறுக்கே குறுக்கே கருப்புக் கோடுகள், நடுநடுவே பளபளவென்று இரும்பு. நகத்தால் சுரண்டினேன். நகம் வழுக்கியது, கோடு அசையவில்லை. முழுக் காயிலும் ஸ்கிராப்புக்குப் போனது. அண்ணாச்சி இப்போது இல்லை.

ஸ்கேலை உடைக்க வேண்டியது ஆசிடுக்கு முன்னால். தகட்டை உருளைகளில் வளைத்து இழுத்தால் வெடிப்பு விழும். 80 டிகிரி ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அதன் வழியாக அடிவரை இறங்கும். நேரம் மிச்சமாவது அங்கேதான். உங்கள் லைனில் அப்படி வளைக்கும் ஸ்கேல் பிரேக்கர் ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ரோலிங் முடிந்த துண்டு ஒன்று கொண்டுவாருங்கள், லென்ஸ் என்னிடம் இருக்கிறது.