கம்போடியாவில் குழந்தைகளுக்குச் சேவை: வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: வயது 29. கோவையில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வங்கி டெபாசிட்டில் 4.5 லட்சம் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 15,000 கொடுக்கிறேன், பர்சனல் லோன் இஎம்ஐ 8,400. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கம்போடியாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசை. ஏற்பாடு செய்யும் ஏஜென்சி 1,800 டாலர் கேட்கிறது. சேமிப்பு போதுமா?
(வாசகி, கோவை)

பதில்: ஆறு மாதத்துக்குப் போதாது. மூன்று மாதத்துக்குப் போதும், அதுவும் வேலையை விடாமல் சம்பளமில்லா விடுப்பில் போனால்.

நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டுப் பணம், இஎம்ஐ, இன்ஷூரன்ஸ் பிரீமியம் (2,000 என்று வைத்திருக்கிறேன்) எல்லாம் சேர்ந்து மாதம் 25,400 போய்க்கொண்டே இருக்கும். டிக்கெட்டையும் தங்கும் செலவையும் கணக்குப் போடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வேலையை விட்டால், திரும்பி வந்து வேலை தேடும் மூன்று மாதத்தையும் சேர்த்து ஒன்பது மாதத்துக்கு 2,28,600 வேண்டும். அங்கே சிக்கனமாக மாதம் 500 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 2,70,000. டிக்கெட் 40,000. விசா, தடுப்பூசி, பயணக் காப்பீட்டுக்கு இன்னொரு 40,000. ஆக 5,78,600. ஏஜென்சிக் கட்டணத்தைச் சேர்க்காமலே 1,28,600 துண்டு விழுகிறது.

மூன்று மாத விடுப்பில் போனால் 2,91,200-க்குள் முடியும். மீதி 1,58,800-ஐ இப்போதே தனி டெபாசிட்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரே டெபாசிட்டாக இருந்தால், அவசரத்துக்கு முழுவதையும் உடைத்து வட்டியை இழக்க நேரும். விடுப்புக் காலத்தில் அலுவலக மருத்துவக் காப்பீடு தொடருமா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்த 1,800 டாலரைத் தயவுசெய்து கட்டாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்குமே என்று வறுமையில் அனுப்பிவைத்தவர்கள் அவர்கள். வெளிநாட்டிலிருந்து பணத்தோடு தொண்டர்கள் வரவர, இல்லத்தை நிரப்பக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். தலைநகர் நாம்பென்னில் இயங்கும் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று பிரசாரமே நடத்தியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒட்டிப் பழகிய அக்கா மூன்று மாதத்தில் காணாமல் போவதை அந்தக் குழந்தை திரும்பத் திரும்பத் தாங்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் பெற்றோரோடு இருந்து படிக்க வரும் இடமாகத் தேடுங்கள். அங்குள்ள ஆசிரியர்களுக்கு ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொடுத்தால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அது அங்கேயே நிற்கும். போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் (குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று; பாஸ்போர்ட் சேவா வழியே, கட்டணம் 500 ரூபாய்) கேட்காத அமைப்புக்குப் போகவே போகாதீர்கள். உங்களைச் சரிபார்க்காதவர்கள் வேறு யாரையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

சுற்றுலா விசாவில் போனால் ஒரு மாதம்தான், ஒரே ஒரு முறைதான் நீட்டிக்க முடியும். தொண்டுப் பணிக்கு 'ஈ' வகை விசா எடுத்து, அங்கே போய் நீட்டித்துக்கொள்ளுங்கள்.

அங்கே டாலரே புழங்குகிறது. ஆனால் ஓரம் கிழிந்த நோட்டையும் கறை பட்டதையும் கடைக்காரர் வாங்க மாட்டார். இங்கே வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்கமாகத் தருவார்கள். 400 டாலர் கையிலும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் (முன்கூட்டியே டாலரை ஏற்றிக்கொள்ளும் கார்டு) இருக்கட்டும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பதால் மாதம் இரண்டு தடவைக்கு மேல் எடுக்காதீர்கள்.

பயணக் காப்பீட்டில் தொண்டு வேலைக்கும், பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதற்கும் விலக்கு இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) முன்தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

கிளம்பும் முன் சிம்மில் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள். ஓடிபி வராவிட்டால் நெட் பேங்கிங்கே நின்றுவிடும். இஎம்ஐ போகும் கணக்கில் நான்கு மாதத் தவணை, 33,600 ரூபாய், முன்கூட்டியே இருக்கட்டும்.