நான்காவது ஷிப்ட் கேட்ட கேப்டன்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிக் கப்பல் கதைத் தொடர்களை விடாமல் பார்ப்பவன். அந்தக் கப்பலின் கேப்டன்களான கிர்க், பிக்கார்ட் இருவரில் யார் நல்ல கேப்டன்? கேட்கக் காரணம் உண்டு. எங்கள் புது மேனேஜர் வந்த அன்றே ஷிப்ட் நேரத்தை மாற்றிவிட்டார். மாதனூரில் இறங்கி ஊருக்குப் போகிற பெண்களுக்குக் கடைசி பஸ் போய்விடுகிறது. “சிரமம் சார்” என்றேன். “சொன்னதைச் செய்யுங்க” என்றார்.

ஒரு வாசகர், ஆம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

என் ஓட்டு பிக்கார்டுக்குத்தான். கிர்க் தன் அதிகாரி ஸ்போக்கையும் டாக்டர் மெக்காயையும் கேட்பார், ஆனால் ஆபத்தான இடத்தில் தானே போய் இறங்கிவிடுவார். பிக்கார்ட் எல்லாரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசவிடுவார். பிறகு முடிவு அவருடையது, பழியும் அவருடையது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் ஜெல்லிக்கோ. 1992-ல் வந்த ‘செயின் ஆஃப் கமாண்ட்’ கதையில், பிக்கார்ட் ரகசிய வேலையாகப் போக, அவர் இடத்துக்கு வருகிறவர். கப்பலில் கால் வைத்ததுமே மூன்று ஷிப்ட்டை நான்காக்கச் சொல்கிறார். ஆட்களுக்குச் சிக்கல் வரும் என்று துறைத் தலைவர்கள் சொல்வதாகத் துணை கேப்டன் ரைக்கர் இழுக்கிறார். “அப்படியென்றால் இன்னும் மாற்றவில்லை” என்பதுதான் ஜெல்லிக்கோ காதில் விழுகிறது. கடைசியில் ரைக்கரைப் பொறுப்பிலிருந்தே நீக்கிவிடுகிறார்.

திறமையில் அவரைக் குறை சொல்ல முடியாது. நெபுலா என்ற விண்வெளி மேகத்தில் ஒளிந்திருந்த எதிரிகளான கார்டாசியன்களின் கப்பல்களை மடக்கி, அவர்களிடம் சிக்கியிருந்த பிக்கார்டை மீட்டவர் அவர்தான். அதற்கு அந்த மேகத்துக்குள் கண்ணிவெடிகளைப் போட வேண்டும்; ஷட்டில் என்ற சிறு கலத்தை அங்கே ஓட்டத் தோதான ஆள் ரைக்கர். ஜெல்லிக்கோ தானே அவர் அறைக்குப் போகிறார். பதவியை ஒதுக்கிவைத்து, பிடிக்காததை இருவரும் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்கிறார்கள். அப்புறம் ரைக்கர், “கேளுங்கள்” என்கிறார். ஷட்டிலை ஓட்டுவீர்களா என்று ஜெல்லிக்கோ கேட்கிறார். முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கப்பல் அவ்வளவு களைத்திருக்காது.

ரைக்கரிடமும் தப்பு உண்டு. ‘சிக்கல்’ என்றாரே தவிர, யாருக்கு என்ன சிக்கல் என்று எடுத்து வைக்கவில்லை. நீங்களும் “சிரமம்” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். மாதனூர் நிறுத்தத்தில் இருட்டின பிறகு டிபன் பையோடு நிற்கும் பெண்களை நான் வேலூர் திரும்பும்போது பார்த்திருக்கிறேன். மனசு கேட்பதில்லை. எத்தனை பேர், எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். லைன் நின்ற பிறகு, நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகப் போய்க் கொடுங்கள். கம்பெனி வேன் மாதனூரைத் தாண்டி ஊர்வரை போக முடியுமா என்றும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.