டிரம்ஸ் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போகிறதா?
30 வாட் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், டிரம்மர் அடிக்கத் தொடங்கினால் என் பேஸ் எனக்கே கேட்பதில்லை, 60 வாட் வாங்கலாமா என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். பெரிய வித்தியாசம் தெரியாது.

முதலில் ஆம்ப்பில் அடி ஒலிக்கான பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, நடு ஒலிக்கான மிட் குமிழை ஏற்றிப் பாருங்கள். தனியாக வாசித்தால் மூக்கால் பாடுவது போல இருக்கும், சகிக்காது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அதுதான் எடுபடும். வீட்டில் கும்மென்று அதிர்ந்த டோனை நம்பி ஒத்திகைக்குப் போய் நானும் அசடு வழிந்திருக்கிறேன்.

அப்புறம், ஆம்ப்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள். தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். அப்படியும் போதாவிட்டால் 200 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள்.