கிரானைட் புள்ளி வேலைக்கு டூத் பிரஷ் போதும்

பழைய மர ஸ்டூலுக்குக் கிரானைட் மாதிரி புள்ளி தெறித்த பெயிண்ட் அடிக்க ஸ்பிரே மெஷின் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பழைய டூத் பிரஷும் ஐஸ்கிரீம் குச்சியும் போதும். கையால் செய்ததில் இருக்கும் சீரற்ற தன்மைதான் கல்லுக்குப் பக்கத்தில் வரும்.

முதலில் நிஜக் கல்லைப் பாருங்கள். பெங்களூரில் பாதி வீடுகளில் சமையல் மேடையே கிரானைட்தான். அங்கே லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறையை மாதிரியாக எடுக்காதீர்கள். அது நைஸ் (gneiss) என்ற வேறு பாறை வகை, வரிவரியாக ஓடும். கிரானைட்டில் குவார்ட்ஸ் சாம்பலாகவும், ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, மைக்கா கறுப்பாகவும் தெரியும். அதனால் சாம்பல் அடித்தளத்தின் மேல் மூன்று நிறப் புள்ளி போதும். கறுப்பைக் கடைசியில், மிகக் குறைவாகத் தெறியுங்கள். கொஞ்சம் கூடினாலும் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, சாம்பல் அக்ரிலிக் இரண்டு கோட். முழுக்கக் காயட்டும். அப்புறம் புள்ளி நிறத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரையுங்கள். அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் பெயிண்டர் அண்ணன், நான் பிரஷை முக்கியதைப் பார்த்ததும் சொன்னார்: "தம்பி, பிரஷ்ல பெயிண்ட் நிக்கக் கூடாது, ஈரம்தான் நிக்கணும்." முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. நுனியை மட்டும் நனைத்து, டப்பா விளிம்பில் வழித்து, நியூஸ்பேப்பரில் முதலில் தெறித்துப் பாருங்கள். முதல் இழுப்பில் எப்போதும் பெரிய சொட்டு விழும், அது பேப்பரோடு போகட்டும். பிறகு ஸ்டூல் பக்கம் திரும்புங்கள்.

குச்சியைப் பிரஷ் நார்களின் மேல் உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும். நார்கள் மடங்கி விடுபடும்போது பெயிண்ட் எதிர்ப்பக்கம் தெறிக்கும்; மாற்றி இழுத்தால் சட்டைக்குத்தான். கிட்டத்தில் நின்றால் புள்ளி நெருக்கமாக விழும், தள்ளி நின்றால் கலைந்து விழும். ஒரே இடத்தில் நிற்காமல் ஸ்டூலைச் சுற்றி வாருங்கள். பலகையைப் படுக்கையாக வைத்தால் சொட்டு ஒழுகாது. கால்களுக்கு ஸ்டூலைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய சொட்டு விழுந்துவிட்டால் துடைக்காதீர்கள், இழுவிவிடும். டிஷ்யூ பேப்பரின் நுனியைத் தொட்டு உறிஞ்சி எடுங்கள். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பெங்களூர் மழைக் காலத்தில் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

கடைசியாகத் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் இரண்டு கோட். ஆயில் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளடிக்கும், வெள்ளைப் புள்ளிகளில் அது முதலில் தெரியும். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் சூடான குக்கரை அதன் மேல் வைக்காதீர்கள்.